டியூப்லைட் எரிந்தால் எது நிரூபணம் ஆகிறது? டவர் லைன், கேன்சர் பயம், அதிகாரி சொன்ன பதில்

கொரங்காட்டான்

வணக்கமுங்க. மூலனூர் பக்கம். எங்கள் காட்டு வழியாக 400 கிலோவோல்ட் லைன் போய்ச் சில வருசம் ஆகிறது. இப்போது பக்கத்து ஊர் வழியாக இன்னொன்று வரப்போவதாகப் பேச்சு. ஊர்க்கூட்டம் போட்டு மனு கொடுப்பதென்று முடிவாகி, எழுதுகிற வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

முதல் பாயிண்டாக எதைப் போடுவது என்பதில்தான் சண்டை. இளவட்டங்கள் ராத்திரியில் டியூப்லைட்டைக் கையில் பிடித்து லைனுக்குக் கீழே நின்று வீடியோ எடுத்திருக்கிறார்கள். ஒயர் இல்லை, சோக் இல்லை, லைட் எரிகிறது. "கண்ணால பாக்கறோம், இதுக்கு மேல என்ன ஆதாரம்? இந்தக் கதிர்வீச்சுலதான் கேன்சர் வருது, மாடு சினை நிக்கறதில்லை, தென்னை காய்ப்பு போச்சு" என்பது அவர்கள் கட்சி. முந்தைய கூட்டத்துக்கு வந்த அதிகாரியோ, "எல்லாம் சர்வதேச வரம்புக்குள்தான் இருக்கு, பாதிப்பு இல்லைன்னு அரசே சொல்லியாச்சு" என்று ஒரே வரியில் முடித்து ஜீப்பில் ஏறிவிட்டார்.

எனக்கு இரண்டு பேச்சும் முழுசாக இறங்கவில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சி அரசியல் வேண்டாமுங்க.

கோவை மோட்டார்

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வெறும் கையில் லைட் எரிகிறது. அப்படியென்றால் அங்கே நிற்கிறவன் உடம்புக்குள் என்ன நடக்கும்? அரசாங்கம் சொன்னால் சரிதான் என்று நம்புகிறவர்கள் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணைத் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு வந்து பேசட்டும்.

பழைய லைன்மேன்

ஓய்வு பெற்றவன். லைனிலேயே தலை நரைத்தது.

டியூப் எரிவது நிஜம், அதில் பித்தலாட்டம் ஒன்றும் இல்லை. ஏ.சி. லைனுக்குக் கீழே, அதாவது திசை மாறி மாறி ஓடுகிற மின்சாரம் போகிற லைனுக்குக் கீழே, மின்புலம் இருக்கும். கம்பி எங்கே அதிகமாகத் தொங்குகிறதோ, அதாவது இரண்டு கோபுரத்துக்கு நடுவில், அங்கே தரையில் அதிகம். 400 கிலோவோல்ட்டுக்குத் தரையிலிருந்து குறைந்தது 8.84 மீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் மீட்டருக்குச் சில ஆயிரம் வோல்ட் இருக்கும். நாலடி டியூப்பைச் செங்குத்தாகப் பிடித்தால் இரண்டு முனைக்கும் நடுவில் சில ஆயிரம் வோல்ட் வித்தியாசம். உள்ளே இருக்கிற வாயு வெளிச்சம் கொடுக்க அது போதும்.

ஆனால் வோல்ட்டை மட்டும் பார்க்காதீர்கள். அப்போது டியூப் வழியாகவும் உங்கள் கை வழியாகவும் போகிற கரண்ட் நூறு மைக்ரோ ஆம்பியரை ஒட்டித்தான் இருக்கும். வீட்டில் அதே டியூப் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். அதனால்தான் ராத்திரியில் மட்டும் வீடியோ எடுக்கிறார்கள். பகலில் எரிவதே தெரியாது.

இன்னொன்று. அந்த வீடியோ எந்த லைனுக்குக் கீழே எடுத்தது என்று கேளுங்கள். சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து நம்ம புகளூருக்கு வருகிற ±800 கிலோவோல்ட் லைன் டி.சி., ஒரே திசையில் ஓடுகிற மின்சாரம். அதற்குக் கீழே டியூப் இப்படி நின்று எரியாது. புகளூரிலிருந்து அரசூர், எடையார்பாளையம் போகிற 400 எல்லாம் ஏ.சி. ஏ.சி.யில் எடுத்த வீடியோவை டி.சி. லைன் என்று பேர் போட்டு வாட்ஸப்பில் சுற்ற விடுகிறார்கள். அதிகாரிக்கு விசயம் தெரிந்திருந்தால் இந்த ஒரு ஓட்டையை வைத்தே மொத்த மனுவையும் ஓரங்கட்டி விடுவார்.

இயற்பியல் வாத்தியார்

கோபி பக்கம் அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். லைன்மேன் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எனக்கு இந்த வழக்கில் இதுதான் முக்கியமாகப் படுகிறது.

லைனைச் சுற்றி இரண்டு சமாச்சாரம் இருக்கிறது. ஒன்று மின்புலம். அது வோல்டேஜைப் பொறுத்தது, கரண்ட் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இருக்கும். சுவர், மரம், ஓட்டுக்கூரை எல்லாம் அதைப் பெருமளவு தடுத்துவிடும். இன்னொன்று காந்தப்புலம். அது ஓடுகிற கரண்ட்டைப் பொறுத்தது, சுவர் அதைத் தடுக்காது. டியூப்லைட்டை எரிய வைப்பது மின்புலம்.

கேன்சர் பேச்சு எங்கிருந்து வந்தது? 1979-ல் அமெரிக்காவின் டென்வர் நகரத்தில் வெர்தைமர், லீப்பர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்து. மின்கம்பிகளுக்கு அருகில் வசித்த குழந்தைகளுக்கு ரத்தப் புற்றுநோய் கூடுதலாக இருப்பதாக அதில் எழுதினார்கள். பிறகு பல நாடுகளில் ஆய்வு நடந்தது. 2000-ல் அந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வீட்டுக்குள் சராசரி காந்தப்புலம் 0.3 அல்லது 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு (காந்தப்புலத்தை அளக்கிற அலகு) மேல் இருக்கிற குழந்தைகளிடம் அந்த நோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு தென்பட்டது. அவ்வளவு காந்தப்புலம் உள்ள வீடுகள் மிகச் சில என்பதால் கணக்கில் வந்த குழந்தைகளும் சிலர்தான். ஆய்வுக்குச் சம்மதித்த குடும்பங்கள், மறுத்த குடும்பங்கள் என்ற வித்தியாசமே அந்தக் கணக்கைச் சாய்த்திருக்கலாம் என்ற சந்தேகமும் உண்டு. எந்த வழியில் நோய் வருகிறது என்று இதுவரை யாரும் காட்டவில்லை. இதையெல்லாம் வைத்துத்தான் 2002-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் காந்தப்புலத்தை "2பி" என்ற பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம் என்ற பிரிவில் வைத்தது. அதே அறிக்கை மின்புலத்தை 3-வது பிரிவில் வைத்தது. வகைப்படுத்தப் போதுமான சான்று இல்லை என்று அர்த்தம். டி.சி. லைனின் நிலையான புலங்களும் அந்த 3-ல்தான் இருக்கின்றன.

இப்போது வீடியோவை மறுபடி பாருங்கள். சந்தேகப்படுவது காந்தப்புலத்தை. டியூப் காட்டுவது மின்புலத்தை. காந்தப்புலம் நூறு மடங்கு கூடினாலும் குறைந்தாலும் அந்த டியூப் ஒரே மாதிரிதான் எரியும். கண்ணால் பார்த்தது உண்மை, அதற்குக் கொடுத்த அர்த்தம்தான் கைமாறிவிட்டது.

அதிகாரிக்கும் இதே கேள்வி உண்டு. அவர் சொல்கிற சர்வதேச வரம்பு, பொதுமக்களுக்கு மின்புலம் மீட்டருக்கு 5 கிலோவோல்ட், காந்தப்புலம் 1998 கணக்கில் 100, 2010 கணக்கில் 200 மைக்ரோடெஸ்லா. நரம்பு தூண்டப்படுவது, ஷாக் அடிப்பது போன்ற உடனடி விளைவுகளைத் தடுக்கப் போட்ட வரம்பு அது. வருசக்கணக்கில் குறைந்த அளவில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சான்று போதாததால் அதை வைத்து வரம்பு போடவில்லை என்று அதைப் போட்டவர்களே எழுதியிருக்கிறார்கள். ஆக, "வரம்புக்குள் இருக்கிறது" என்பதிலிருந்து "எந்தப் பாதிப்பும் இல்லை" என்று தாவுவதும் ஒரு தாவல்தான். தவிர, வரம்புக்குள் இருக்கிறது என்று சொல்வதற்கு முதலில் யாராவது வந்து அளந்திருக்க வேண்டுமே! அளந்தார்களா?

சென்னிமலைத் தறி

2பி-யில் ஊறுகாயும் இருக்கிறது என்று படித்தேன். அப்போ எங்கள் வீட்டு மாங்காய் ஊறுகாய் மேலேயும் கேஸ் போடலாமா?

இயற்பியல் வாத்தியார்

@சென்னிமலைத் தறி, அது கிழக்காசியாவில் காய்கறிகளைப் புளிக்கவைத்துப் போடுகிற ஊறுகாய், நம் மாங்காய்க்குச் சம்பந்தம் இல்லை. அந்த ஜோக்கை லைன் போடுகிற கம்பெனிக்காரர்களும் எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்கள். அந்தப் பிரிவுகள் சான்று எவ்வளவு உறுதி என்பதைச் சொல்பவை. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. ஊறுகாயை வைத்துச் சிரிப்பதும், 2பி என்று கேட்டு நடுங்குவதும் இரண்டுமே அதைத் தப்பாகப் படிப்பதுதான்.

கோவை மோட்டார்

சரி வாத்தியாரே, காந்தப்புலம்தானே? போனில் ஒரு ஆப் இறக்கி இன்றைக்கு லைனுக்குக் கீழேயே போய் அளந்துவிட்டேன். 41 மைக்ரோடெஸ்லா காட்டுகிறது. நீங்கள் சொன்ன 0.4-ஐப் போல நூறு மடங்கு! ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இயற்பியல் வாத்தியார்

அளந்ததற்கு முதலில் நன்றி. இந்த இழையில் கையில் ஒரு எண்ணோடு வந்த முதல் ஆள் நீங்கள்தான்.

இப்போது அதே போனை எடுத்துக்கொண்டு, லைனே இல்லாத ஒரு காட்டுக்கு, இரண்டு மைல் தள்ளிப் போய் அளந்துவிட்டு வாருங்கள். அதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோவை மோட்டார்

லைன் இல்லாத இடம்: 40. வீட்டு மொட்டைமாடி: 42. பேரூர் கோயில் வாசல்: 40.

இயற்பியல் வாத்தியார்

அது பூமியின் காந்தப்புலம். நம் பக்கத்தில் 40-ஐ ஒட்டித்தான் இருக்கும். போனில் இருக்கிற சென்சார் திசைகாட்டிக்காக வைத்தது, பூமியின் நிலையான புலத்தைக் காட்டும். லைனால் வருவது நொடிக்கு 50 தடவை திசை மாறுகிற புலம். அந்த ஆப் அதைத் தனியாகப் பிரித்துச் சொல்லாது. அதற்கென்று வேறு மீட்டர் இருக்கிறது. 0.4 என்று நான் சொன்னது அந்த மாறுகிற புலத்தை, அதுவும் வீட்டுக்குள் நீண்ட நேரச் சராசரியாக. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் ஹேர் டிரையருக்கு 3 சென்டிமீட்டர் தூரத்தில் 6 முதல் 2000 மைக்ரோடெஸ்லா வரை போட்டிருக்கிறார்கள். ஆனால் அதைத் தலைக்குப் பக்கத்தில் சில நிமிடம்தான் பிடிக்கிறோம். வீட்டுக்கு மேலே போகிற லைன் ராப்பகலாக இருக்கிறது. ஒரு நொடி அளந்து இரண்டையும் ஒப்பிடுவது சரியாக வராது.

பொள்ளாச்சித் தென்னை

தென்னைக்கு வருகிறேன். எனக்கும் தோப்பில் லைன் போகிறது, எனக்கும் காய்ப்பு குறைந்தது, எனக்கும் அந்தக் கோபுரத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. இருந்தாலும் வருசத்தை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைவு. மறுவருசம் பாதித் தோப்பு மட்டை தொங்கி நின்றது. தென்னையில் பாளை உருவாகத் தொடங்கி காய் முற்றுவதற்கு மூன்று வருசத்துக்கு மேல் ஆகும். அதனால் ஒரு வறட்சியின் அடி அந்த வருசத்தோடு போகாது, இரண்டு மூன்று வருசம் கழித்தும் வெட்டில் தெரியும். அதே 2016-ல்தான் தென்னை ஓலையில் சாறு உறிஞ்சுகிற ரூகோஸ் வெள்ளை ஈ, பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம், இந்தியாவிலேயே முதல் முறையாகத் தென்பட்டது. இலையெல்லாம் கரும்பூசணம் பிடித்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். கோபுரங்கள் பெருவாரியாக நட்டது 2018, 2019-ல். வறட்சியும் ஈயும் முன்னால் வந்தன, கோபுரம் அதற்குப் பிறகு வந்தது, காய்ப்பு குறைந்தது எல்லாவற்றுக்கும் கடைசியில் கணக்கில் தெரிந்தது. பழி கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற கோபுரத்தின் மேல் விழுந்துவிட்டது.

சரி, லைனால் நட்டமே இல்லையா? ஏன் இல்லை! பாதைக்குக் கீழே இருந்த மரத்தையெல்லாம் வெட்டினார்கள். அந்த அகலத்தில் இனி தென்னை வைக்கவே முடியாது, கம்பியைத் தொடுகிற உயரத்துக்கு வளர்கிற எதையும் வைக்க முடியாது. ஒரு மரம் அறுபது வருசம் காய்க்கும். கதிர்வீச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமலே கணக்குப் போட்டு நிரூபிக்கக்கூடிய நட்டம் இது.

லைனுக்கு அடுத்த மரங்கள் நிஜமாகவே குறைவாகக் காய்க்கின்றனவா என்று தெரிய வேண்டுமானால் அதற்கும் வழி உண்டு. வியாபாரியிடம் ஒவ்வொரு வெட்டுக்கும் தோப்புவாரியாகக் காய்க் கணக்கு இருக்கும். லைன் வருவதற்கு முன்பிருந்தே எடுங்கள். லைன் ஓரத்துத் தோப்புகளையும், அதே மண், அதே ரகம், அதே தண்ணீர் உள்ள தூரத்துத் தோப்புகளையும் வரிசையாக எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தே இறங்கியிருந்தால் லைன் காரணம் இல்லை. ஓரத்துத் தோப்பு மட்டும் இறங்கியிருந்தால் அப்புறம் பேசலாம்.

கட்டுத்தரை

அண்ணா, அக்கா எல்லாருக்கும் வணக்கம். நான் காங்கேயம் பக்கம், வீட்டில் ஆறு உருப்படி. ஆண்கள் எல்லாம் தியரி பேசுகிறீர்கள். எங்கள் கட்டுத்தரையில் தகர அட்டைக் கூரை, இரும்புக் கால். லைன் சார்ஜ் ஆன பிறகு மழை ஈரத்தில் காலைத் தொட்டால் சுருக்கென்று இழுக்கிறது. எருமை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் வருவதற்கே அடம் பிடித்தது. பால் குறைந்தது. இதையும் மூடநம்பிக்கை என்பீர்களா?

பழைய லைன்மேன்

தங்கச்சி, நீங்கள் சொல்வது நூற்றுக்கு நூறு நடக்கிற விசயம். லைனுக்குக் கீழே தரையோடு சேராமல் நிற்கிற எந்த இரும்பிலும் தூண்டு மின்னழுத்தம், அதாவது கம்பி தொடாமலே வருகிற வோல்டேஜ், ஏறும். தகரக் கூரை, கல்தூணில் கட்டிய கம்பி வேலி, டிராக்டர், எல்லாவற்றிலும். வேலி நீளமாக, லைனுக்கு இணையாகப் போனால் இன்னும் மோசம். மாட்டுக்கு நாலு காலும் ஈரத்தில், மூக்கும் ஈரம். நமக்குச் சுருக்கென்றால் அதற்குப் பெரிய அடி. தொட்டிக்கு வர மறுக்கத்தான் செய்யும், தண்ணீர் குறைந்தால் பாலும் குறையும்.

கூரையையும் கால்களையும் நல்ல எர்த் குழி எடுத்து இணைக்கச் சொல்லுங்கள். கம்பி வேலியை இடையிடையே எர்த் செய்ய வேண்டும். லைன்காரர்களிடமே எழுதிக் கேளுங்கள், அவர்கள் செலவில் செய்ய வேண்டிய வேலை. அதுவரை மழையில் தொட வேண்டாம். பழைய கிளுவைச் செடி வேலிக்கு இந்தத் தொல்லை கிடையாது, அது வேறு கதை.

இயற்பியல் வாத்தியார்

அக்கா சொன்னதை மனுவில் முதல் பக்கத்தில் போட வேண்டும். காரணம் தெரிகிறது, டெஸ்டர் வைத்தால் தெரிகிறது, எர்த் செய்தால் நிற்கிறது. போட்டு எடுத்து மறுபடி பார்க்கக்கூடிய சான்று.

சினை நிற்காத விசயம் வேறு. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1990-களில் கறவை மாடுகளை மீட்டருக்கு 10 கிலோவோல்ட், 30 மைக்ரோடெஸ்லா புலத்தில் வைத்துப் பார்த்தார்கள். தீனி எடுப்பதிலும் சில ஹார்மோன்களிலும் சிறு மாற்றம் தெரிந்தது. ஆரோக்கியமான மாட்டுக்கு இருக்க வேண்டிய அளவைத் தாண்டவில்லை. நம் ஊரில் பார்க்க வேண்டுமானால் பால் சொசைட்டி நோட்டும் கால்நடை மருந்தகத்துச் சினை ஊசிப் பதிவேடும் இருக்கின்றன. யாரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

குடிமங்கலம் காத்தாடி

எங்கள் பக்கம் இதே கதை காற்றாலையை வைத்து ஓடுகிறது. "காத்தாடி மேகத்தை வெட்டி விரட்டிருச்சு, அதான் மழை இல்லை." பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று அடிக்கிற இடம், மலைக்குக் கிழக்கே மழை மறைவுப் பகுதி. காற்று இருக்கிறது, நிலம் வறண்டு மலிவாகக் கிடக்கிறது என்பதற்காகத்தான் காத்தாடியையே இங்கே கொண்டு வந்து நட்டார்கள். மழை இல்லாத ஊரைத் தேடிக் காத்தாடி வந்ததை, காத்தாடி வந்ததால் மழை போச்சு என்று திருப்பிப் போட்டுவிட்டோம். எங்கள் அப்பாரு காலத்துக் கிணறு எத்தனை அடி, என் கிணறு எத்தனை அடி என்று கேட்டால் மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை.

கோவை மோட்டார்

எல்லாரும் சேர்ந்து அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிற மாதிரி இருக்கிறது.

பவானி வக்கீல்

வக்காலத்து வாங்குவது என் தொழில், நான் பேசுகிறேன்.

"அரசே சொல்லியாச்சு" என்று அதிகாரி சொன்னாரே, அரசு எந்த அதிகாரத்தில் பேசியது என்று பார்ப்போம். 2003 மின்சாரச் சட்டம் 164-வது பிரிவின்படி, லைன் போடுகிறவருக்கு 1885-ஆம் வருசத்துத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தைக் கொடுக்கலாம். ஆம், வெள்ளைக்காரன் தந்திக் கம்பி இழுக்கப் போட்ட சட்டம். 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தபோதுகூட, மின்தொடர் லைன்களுக்காக அந்தப் பழைய சட்டத்தின் மூன்றாம் பாகத்தை மட்டும் செல்லுபடியாகும் என்று வைத்துக்கொண்டார்கள்.

அதன் 10-வது பிரிவு என்ன சொல்கிறது? நிலத்தின் மேல் கம்பி கொண்டு போகலாம். நிலத்தின் உரிமை அவர்களுக்கு வராது. முடிந்த அளவு குறைந்த சேதத்தோடு செய்ய வேண்டும், ஏற்பட்ட சேதத்துக்கு முழு இழப்பீடு கொடுக்க வேண்டும். நிலக்காரர் தடுத்தால் 16-வது பிரிவில் மாவட்ட ஆட்சியர் வழிவிடச் சொல்லி உத்தரவு போடலாம். இழப்பீடு போதாது என்றால் அதே பிரிவில் மாவட்ட நீதிபதியிடம் போகலாம்.

இதில் கவனிக்க வேண்டியது: கலெக்டர் போடுவது வழிவிடு என்கிற உத்தரவு. அவர் புலத்தை அளந்து, மருத்துவ ஆய்வைப் படித்து, பாதிப்பு இல்லை என்று தீர்ப்புச் சொல்லவில்லை, அந்த வேலையைச் சட்டம் அவருக்குக் கொடுக்கவும் இல்லை. கையெழுத்துப் போடும் அதிகாரம் இருக்கிறது என்பதால் அவர் வாயிலிருந்து வருகிற அறிவியலும் செல்லுபடியாகிவிடாது. அதே மாதிரி, உத்தரவு செல்லாது என்று வாதாட வேண்டுமானால் டியூப்லைட்டைக் காட்டிப் பிரயோசனம் இல்லை. நோட்டீஸ் முறையாக வந்ததா, பாதை ஏன் இப்படி வளைந்தது, சேதக் கணக்கு யார் எடுத்தது, இதைத்தான் காட்ட வேண்டும்.

பணத்துக்கு வருவோம். மத்திய மின்துறை 2015 அக்டோபரில் கொடுத்த வழிகாட்டுதலில் கோபுரம் நிற்கிற இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பிப் பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம். 2024 ஜூனில் அதைத் திருத்திக் கோபுர இடத்துக்கு 200 சதவீதம், பாதைக்கு 30 சதவீதம் என்றார்கள். இது வழிகாட்டுதல்தான், மாநிலம் ஏற்று உத்தரவு போட வேண்டும். உங்கள் லைனுக்கு எந்த உத்தரவு, எந்தத் தேதி, எந்த மதிப்பு என்று எழுத்தில் வாங்குங்கள். நட்டம் கேன்சரால் என்று எழுதினால் ஒரு ரூபாய் வராது. ஏக்கருக்கு இத்தனை மரம், இத்தனை வருசம் என்று எழுதினால் நீதிபதி பேனாவை எடுப்பார்.

பல்லடம் லூம்

"அரசு" என்று ஒருமையில் சொல்வதே தப்பு என்பேன். கெயில் எரிவாயுக் குழாய் நினைவிருக்கிறதா? கோவை முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டம். 2013-ல் மாநில அரசு விளைநிலம் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரம் கொண்டு போ என்றது. மத்திய நிறுவனம் முடியாது என்றது. உயர் நீதிமன்றம் அதே வருசம் நிறுவனத்தின் பக்கம் நின்றது, 2016-ல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. ஒரே குழாயைப் பற்றி இரண்டு அரசு இரண்டு விதமாகப் பேசியது. இதில் எந்த அரசு சொன்னது அறிவியல்?

லைனிலும் ஒன்று உண்டு. "இவ்வளவு வோல்டேஜைத் தரைக்கு அடியில் கொண்டு போக முடியாது" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார்கள். அதே புகளூரிலிருந்து திருச்சூர் போகிற ±320 கிலோவோல்ட் டி.சி. லைன் 2021 பிப்ரவரியில் தொடங்கி வைக்கப்பட்டது. அதில் கேரளத்துக்குள் திருச்சூரை நெருங்குகிற சுமார் 27 கிலோமீட்டர் தரைக்கு அடியில் கேபிளாகத்தான் போகிறது. எங்கள் காட்டில் முடியாதது அங்கே எப்படி முடிந்தது?

பழைய லைன்மேன்

@பல்லடம் லூம் நியாயமான கேள்வி, ஆனால் முழுக் கணக்கையும் சொல்ல வேண்டும். அந்தத் திருச்சூர் லைன் 2000 மெகாவாட். ராய்கர் லைன் 6000 மெகாவாட், ±800. அதற்கு இதே கேபிளைப் போட்டு ஆகாது. 400 ஏ.சி.யை வெகுதூரம் கேபிளில் கொண்டு போனால் கேபிள் சார்ஜ் ஆவதற்கே கரண்ட் போய்விடும். குறைந்த தூரம் முடியும், செலவு பல மடங்கு. ஆகவே "முடியாது" என்பது பொய், "எங்கேயும் முடியும்" என்பதும் பொய். எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு கூடுதல் செலவு, யார் தலையில் என்று கேட்டால் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

நொய்யல் கரை

மேலே ஒருவர் ஒரத்துப்பாளையத்தை இழுத்தார். நான் அந்த ஊர்க்காரன் என்பதால் சொல்கிறேன். அது உங்கள் கட்சிக்கு உதாரணம் இல்லை மோட்டார் தம்பி.

1990-களில் அணை கட்டி முடித்தபோது அது பாசனத்துக்கு. தேங்கியது திருப்பூர்ச் சாயத் தண்ணீர். எல்லாம் கட்டுப்பாட்டில் இருக்கிறது, சுத்திகரிக்கிறார்கள் என்று தாளில் எழுதி வைத்திருந்தார்கள். நாங்கள் "இந்தத் தண்ணி விஷம்" என்று கத்திக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. கிணறு கிணறாக உப்பு எவ்வளவு என்று அளந்தார்கள், எந்த சர்வே நம்பரில் எந்தப் பயிர் போனது என்று எழுதினார்கள், ஆயக்கட்டு விவசாயிகள் சங்கமாகக் கோர்ட்டுக்குப் போனார்கள். நீதிமன்றம் தன் பங்குக்கு ஆய்வுக் குழு போட்டது. 2009-ல் உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றது. 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடு என்றது. அரசுத் தாளைத் தோற்கடித்தது இன்னொரு தாள்தான், அதில் எண் இருந்தது. ஆற்றுத் தண்ணீர் நிறம் மாறி ஓடியது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நிறத்தை மட்டும் காட்டியிருந்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

கோவை மோட்டார்

எல்லாம் சரிங்க. நடைமுறை பேசுகிறேன். டியூப்லைட் வீடியோ போட்டோம், டி.வி. வந்தது, அமைச்சர் பதில் சொன்னார். தென்னைக் கணக்கு எழுதினால் எந்த டி.வி. வரும்? பயம் காட்டினால்தான் அரசு அசைகிறது. உண்மை முழுசாக இல்லை என்றாலும் காரியம் நியாயமானதுதானே.

கட்டுத்தரை

மோட்டார் அண்ணா, பயம் காட்டுவது அரசுக்கு மட்டும் போவதில்லை. எங்கள் ஊரில் லைன் ஓரத்து வீட்டுப் பெண்ணுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்கள், "அந்த டவர் வீடா, குழந்தை தங்காதாமே" என்று திரும்பிப் போயிருக்கிறார்கள். காட்டை விற்கப் போனால் பாதி விலை கேட்கிறார்கள், காரணம் கேட்டால் நீங்கள் போட்ட வீடியோவையே காட்டுகிறார்கள். நட்டம் எங்களுக்குத்தான் இரண்டு தடவை.

கோவை மோட்டார்

அந்தக் கோணத்தில் நான் பார்க்கவில்லை. ஆனாலும் டி.வி. விசயத்தில் என் கருத்து மாறவில்லை.

கொரங்காட்டான்

எல்லாருக்கும் நன்றிங்க. கூட்டத்தில் பேசினேன். வீடியோவை வேண்டுமானால் தட்டியில் போட்டுக்கொள்ளுங்கள், மனுவில் வேண்டாம் என்றேன். இரண்டு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

மனு இப்படிப் போகிறது. முதலில் தகரக் கூரை, கம்பி வேலி ஷாக், வீடுவாரியாக, எர்த் செய்து தர வேண்டும். அடுத்து வெட்டப்பட்ட மரங்கள், இனி வைக்க முடியாத மரங்கள், சர்வே நம்பரோடு. அப்புறம் இழப்பீடு எந்த உத்தரவின்படி என்ற கேள்வி. புதிய லைனுக்கு ஊரை விட்டுத் தள்ளி மாற்றுப் பாதை பார்த்தார்களா, பார்த்திருந்தால் அந்த வரைபடம். உடல்நலத்துக்கு ஒரே ஒரு பத்தி: பாதிப்பு இல்லை என்று சொல்வதற்கு ஆதாரமாக, லைனிலிருந்து 50 மீட்டருக்குள் இருக்கிற வீடுகளிலும் பள்ளிக்கூடத்திலும் மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் எங்கள் முன்னிலையில் அளந்து எழுத்தில் தர வேண்டும். இதே கேள்விகளைத் தகவல் உரிமைச் சட்டத்திலும் தனியாகப் போடுகிறோம். முப்பது நாளில் பதில் வர வேண்டும் என்று வக்கீல் அண்ணன் தனிச்செய்தியில் சொன்னார். விட்டுப்போனது இருந்தால் சொல்லுங்கள்.

பழைய லைன்மேன்

ஒன்று விட்டுப்போச்சு. அளக்கிற நேரத்தில் லைனில் எத்தனை ஆம்பியர் ஓடியது என்று சப்-ஸ்டேஷன் பதிவேட்டிலிருந்து எடுத்து அதே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். காந்தப்புலம் கரண்ட்டைப் பொறுத்தது என்று வாத்தியார் சொன்னாரே. லோடு குறைவான நேரமாகப் பார்த்து வந்து அளந்துவிட்டு, "பாருங்க, ஒண்ணுமே இல்லை" என்று காட்டிவிட்டுப் போகலாம். லோடு உச்சத்தில் இருக்கிற நேரத்தில் ஒரு தடவையும் குறைவாக இருக்கும்போது ஒரு தடவையும் அளக்க வேண்டும் என்று எழுதுங்கள். மீட்டரை எப்போது சரிபார்த்தார்கள் என்ற சான்றிதழின் நகலும் கேளுங்கள்.